கூட்டம் கலையும் முன்

ஊருக்குப் பக்கத்தில் சுரங்கம் வரப்போகிறது என்றால் ஊராரிடம் கேட்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு தர வேண்டும். ஆட்சியரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை ஏற்கும் அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்தை முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் தொடங்கலாம் என்ற கணக்கு மட்டும் கிடையாது. இருபது பேர் வந்தாலும் அது கூட்டம்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுரங்க நிறுவனத்தின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை ஊர் மக்களுக்குப் படித்து விளக்குவது என் வேலை. கூட்டத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கடைசிக் கட்டம். பேசியதையெல்லாம் தொகுத்து, அங்கேயே, மக்களின் மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். தலைமை ஏற்றவர் அன்றே கையெழுத்திட வேண்டும். நடப்பது என்ன? சாப்பாடு ஆனதும் பாதிப் பந்தல் காலி.

ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கக் கூட்டம். ஓர் அம்மா எழுந்து, "எங்க ஓடை இந்தப் படத்துல எங்கய்யா இருக்கு?" என்று கேட்டார். வரைபடத்தில் ஓடையே இல்லை. நிறுவனத்தார், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். சாயங்காலம் வாசித்த தொகுப்பில், 'நீர்வளம் பற்றிச் சிலர் கருத்துத் தெரிவித்தனர்' என்று ஒரே வரி. அந்த அம்மா போகாமல் உட்கார்ந்திருந்தார். "ஓடைன்னு எழுதுங்க. அதுலதான் எங்க ஏரிக்குத் தண்ணி வருதுன்னும் எழுதுங்க" என்றார். அதிகாரி பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினார். எழுதி முடித்ததை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அவர் எழுந்தார். நேயர்களே, அனுமதி பற்றிப் பரிந்துரை செய்யும் நிபுணர் குழுவின் மேசைக்குப் போவது இந்தத் தொகுப்புதான்.

ஊராரின் சொல் முடிவையே மாற்றியதும் உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையில் ஒரு நிறுவனம் பாக்சைட் வெட்ட வந்தபோது, டோங்ரியா கோந்த் மக்களின் கிராம சபைகளைக் கேட்கச் சொல்லி 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர் உடனிருந்து, நிறுவனமோ அரசோ தலையிடவில்லை என்று சான்றளித்துக் கையெழுத்திட வேண்டும் என்றும் சொன்னது. கேட்கப்பட்ட 12 ஊர்களும் வேண்டாம் என்றன. மத்திய அரசு 2014இல் அனுமதி மறுத்தது.

நம் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியும் அடங்கிய பகுதியை, ஊராரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மத்திய அரசு சுரங்கத்துக்காக ஏலம் விட்டது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் மதுரைக்கு நடந்தே போனார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில், டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று மத்திய அமைச்சகம் விலக்கு அளித்துவிட்டது. இது திரும்பப் பெறப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

நேரம் முடிகிறது. அறிவிப்பு வந்தால் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். வர இயலாதவர்கள் வாரியத்துக்குக் கடிதம் எழுதுங்கள், அதுவும் கணக்கில் சேரும். வந்தவர்கள், தொகுப்பை வாசித்து முடிக்கும்வரை இருங்கள். அடுத்த கூட்டத்தில் பந்தல் கடைசிவரை நிறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.