இராமானுஜம் விட்டுவிட்ட ஓர் எண்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிலர் எழுந்திருக்கப் பார்க்கிறீர்கள். உட்காருங்கள், ஐந்து நிமிடந்தான்.

24 ரப்பர் கன்றுகளைச் சம நிரைகளாக நடவேண்டும். 2 நிரை, 3 நிரை, 4, 6, 8, 12 என்று பல விதமாக நடலாம். ஒரு கன்று பட்டுப்போய் 23 ஆகிவிட்டால்? ஒரே நீள நிரைதான், வேறு வழியில்லை. மீதியில்லாமல் வகுக்கும் எண்களைத்தான் காரணிகள் என்கிறோம். 24-க்கு 8 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் மிஞ்சுகிறவை சிலதான். 36, 48, 60 அந்த வரிசையில் அடுத்தவை. 60-க்கு 12 காரணிகள்.

சென்ற தவணையில் அந்த 12-ஐயும் எழுதச் சொன்னேன். ஒரு பையன் 11 எழுதிவிட்டு 15-ஐ விட்டுவிட்டான். பெரிய முட்டை போட்டேன். மறுநாள் அவன் அப்பா குலை வெட்டிய கையோடு வந்து நின்றார். "சார், பதினொண்ணு சரியா எழுதியிருக்கான். ஒண்ணு விட்டதுக்கு முட்டையாங்க?" என்றார். ஒன்று குறைந்தாலும் பட்டியல் தப்புத்தான் என்றேன். "சரிங்க சார்" என்று போய்விட்டார்.

அந்த வாரம் கணிதமேதை இராமானுஜத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1887-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, கல்லூரித் தேர்வில் தோற்று, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். மறு ஆண்டே நான் சொன்ன இந்த எண்களைப் பற்றித்தான் நீண்ட கட்டுரை வெளியிட்டார். 1916-இல் அவருக்குப் பட்டம் கிடைத்ததும் அதற்காகத்தான். கட்டுரையில் 102 எண்களின் பட்டியல் இருக்கிறது. கடைசி எண் 6746328388800.

ஆனால் நடுவே ஓர் எண் விடுபட்டிருக்கிறது! 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இதை உடைத்துப் பார்த்தால் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. ஆறு 2 இருந்தால், ஒன்றுகூட எடுக்காமல் விடுவதையும் சேர்த்து 7 வழி. அப்படியே மற்றதற்கும் பார்த்துப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2. மொத்தம் 5040 காரணிகள். அத்தனை பெரிய எண் அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அந்தப் பையனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, விடுபட்ட எண்ணை எழுதி, 23-ஆல் பெருக்கச் சொன்னேன். ஆமாம், ஒரே நிரையாய் நட்டோமே, அதே 23தான். இரண்டு வரி எழுதிக் கூட்டினான். சுண்ணாம்புத் தூள் மூக்கிலெல்லாம். வந்த விடை 6746328388800. இராமானுஜம் கடைசியாக எழுதிய அதே எண்!

"இதை எழுதினவரு அதை எப்படி சார் விட்டாரு?" என்று கேட்டான். நான் அவன் நோட்டை வாங்கி, முட்டையை அடித்துவிட்டு, 11 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.