ராபன் தீவில் எழுதப்பட்ட திருமறை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

சோதனை வாராத வீடு எந்த மஹல்லாவிலும் இல்லை. கடன், நோய், வெளிநாட்டு வேலையை இழந்து திரும்பிய பிள்ளை, மணமுறிந்து தாய்வீடு வந்த மகள் என ஒவ்வொரு வாசலிலும் ஒரு துயரம் நிற்கின்றது. அத்தகைய நாட்களில் நாம் யாஸீன் ஓதுகின்றோம், கத்தம் முடிக்கின்றோம். நன்மையான செயல்களே. ஆயினும் நாவு பழகிய பாதையில் விரைந்தோட, உள்ளம் வட்டிக்காரன் வாசலிலோ மருத்துவமனைப் படுக்கையிலோ தங்கிவிடுவதை நாம் அறிவோம். அந்த உள்ளத்தை வசனத்தின் அருகே அமர்த்துவதற்கு ஒரு பழைய வழி உண்டு. அதுவே எழுதி ஓதுதல்.

முதலில் அருளப்பட்ட வசனங்களிலேயே எழுதுகோல் குறிப்பிடப்படுகின்றது. 68ஆவது அத்தியாயத்திற்குப் பெயரே அல்கலம். எனினும், துன்பத்தில் எழுதுவது எத்தகைய ஊன்றுகோல் என்பதை உணர, நாம் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் செல்ல வேண்டும்.

இன்றைய இந்தோனேசியாவின் டிடோர் தீவைச் சேர்ந்தவர் இமாம் அப்துல்லாஹ் இப்னு காழி அப்துஸ் ஸலாம். டச்சுக்காரரை எதிர்த்தமைக்காக 1780ஆம் ஆண்டு நாடு கடத்தப்பட்டு, கேப் டவுனுக்கு அப்பால் கடல் நடுவிலுள்ள ராபன் தீவில் சிறை வைக்கப்பட்டார். பிற்காலத்தில் நெல்சன் மண்டேலா அடைபட்டிருந்ததும் அதே தீவுதான். எழுபதை நெருங்கிய முதியவர். ஊர் திரும்பும் வாய்ப்பு இல்லை. மறுவருடமே, 1781இல், அகீதாவை விளக்கும் ‘மஃரிஃபத்துல் இஸ்லாம் வல் ஈமான்’ என்னும் பெருநூலை எழுதினார். திருக்குர்ஆனையும் தம் நெஞ்சிலிருந்தே எழுதினார். பக்கம் பக்கமாக, ஒவ்வோர் எழுத்தாக.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து வெளிவந்தவர் ஓய்ந்து அமரவில்லை. 1793இல் டார்ப் தெருவில் மதரஸா தொடங்கினார். அடிமைகளின் பிள்ளைகளும் அதில் ஓதினர். அங்கே எழுந்த அவ்வல் மஸ்ஜிதே தென்னாப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசல். அந்த இடம் இலங்கையிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு விடுதலை பெற்ற ஒருவரின் குடும்பத்திற்கு உரியதாக இருந்தது என்பது நமக்கு நெருக்கமான செய்தி. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நமது கடற்கரை ஊர்களைப் போலவே அம்மக்களும் ஷாஃபிஈ மத்ஹபினர். அவரை அன்புடன் ‘துவான் குரு’ என்று அழைத்தனர். 1807இல் அவர் வஃபாத்தானார். அவர் கையெழுத்திலான திருமறைப் பிரதி ஒன்று, 1980களில் அப்பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது பரணில் கண்டெடுக்கப்பட்டது. அதைச் செப்பனிட்டுப் பாதுகாத்து வருகின்றனர்.

அவ்வாறு எழுதும்போது உள்ளத்தில் நிகழ்வது யாது? ‘அலம் நஷ்ரஹ்’ அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். எட்டே வசனங்கள். சிறுவரும் ஒரே மூச்சில் ஓதிவிடுவர். ஐந்தாம், ஆறாம் வசனங்களைத் தாளில் எழுதிப் பாருங்கள். கஷ்டத்தைக் குறிக்கும் ‘உஸ்ர்’ என்னும் சொல்லுக்கு முன் இரண்டு இடங்களிலும் ‘அல்’ சேர்க்க வேண்டியிருக்கும். இலேசைக் குறிக்கும் ‘யுஸ்ர்’ என்னும் சொல்லுக்கோ அது இல்லை. அறியப்பட்ட அந்தக் கஷ்டம் ஒன்றே; இலேசோ இரண்டு என்று தஃப்ஸீர் அறிஞர்கள் இதிலிருந்து விளக்கம் எடுத்தனர். அடுத்து ‘மஅ’ என்னும் சிறு சொல். அதற்கு ‘உடன்’ என்பது பொருள். ‘பிறகு’ என்று அங்கே சொல்லப்படவில்லை. கடன் தீர்ந்த பின் வரவிருக்கும் நிம்மதியை மட்டும் எதிர்பார்த்திருப்பவர், கடனோடு கூடவே வந்து நிற்கும் இலேசு எதுவெனத் தேடத் தொடங்குவார். உதவிய அண்டை வீட்டார், கைகொடுத்த மகன், உறங்க முடிந்த ஓர் இரவு என ஒவ்வொன்றாக நினைவில் எழும். வாயால் ஓதும்போது நொடியில் கடந்துவிடும் ஈரெழுத்து, கையால் எழுதும்போது நம்மை நிறுத்திக் கேள்வி கேட்கின்றது.

இதைத் தாயத்து எழுதுவதோடு எவரும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எழுதிய தாளைக் கட்டித் தொங்கவிடுவது நம் நோக்கமன்று. மருத்துவரிடம் செல்வதையும், கடனுக்குத் தவணை கேட்பதையும் இது தள்ளிவைக்காது. தாங்கொணாத் துயரில் இருப்பவரை ‘எழுது, சரியாகிவிடும்’ என்று சொல்லி அனுப்பிவிடுவதும் முறையன்று. அவர் அருகில் நாமும் அமர வேண்டும்.

ஆகவே மக்ரிபிற்கும் இஷாவிற்கும் இடையே, உளூவுடன், நாளொன்றுக்கு ஒரே வசனம் எழுதுவோம். முஸ்ஹஃபைப் பார்த்தே எழுதலாம். பிழை இருப்பின் ஹஜ்ரத் அவர்கள் திருத்தித் தருவார்கள். அரபி எழுத வராத பெரியவர்கள் பொருளைத் தமிழில் எழுதட்டும். வசனத்தின் கீழே நான்கு வரி இடம் விட்டு, அன்று தமக்குக் கிடைத்த இலேசைக் குறித்துக்கொள்ளட்டும். பெண்கள் வீட்டிலேயே எழுதலாம். நிரம்பிய ஏடுகளைக் குப்பையில் சேர்க்காமல் பள்ளிவாசலில் ஒப்படைக்க வேண்டுகின்றோம். முதல் அத்தியாயமாக ‘அலம் நஷ்ரஹ்’ எழுதுவோம். எட்டு நாட்களில் நிறைவுறும், இன்ஷா அல்லாஹ்.