அயர்லாந்துக் குடிப்பெயரும் குருதிவழியும்



ஒரு குடியிற் பிறந்தோம் என்று கூறிக்கொள்ளும் மக்கள் அதனை எதனால் நிறுவுவர்? பெயராலா, ஏட்டாலா, உடம்பிலுள்ள சான்றாலா? இவ்வினா எந்நாட்டார்க்கும் உரியதே. எனினும், இதனை அறிவியல் முறையில் நெருங்கி ஆராய்ந்த நாடுகளுள் அயர்லாந்து முன்னிற்பது. ஆதலின், அந்நாட்டார் தம் குலமுறையை டி.என்.ஏ. சோதனையால் தேடும் வகையையும், அதனால் அறியவந்த உண்மைகளையும் இன்று யாம் எடுத்துரைக்கப் புகுந்தோம்.

முதற்கண் அவர்தம் பெயர்முறையை அறிதல் வேண்டும். தந்தைவழிக் குடிப்பெயர் மிகப் பழங்காலத்தே நிலைபெற்ற நாடுகளுள் அயர்லாந்தும் ஒன்று. ஏறக்குறைய 10, 11-ஆம் நூற்றாண்டுகளிலேயே அவ்வழக்கம் அங்கு வேரூன்றிவிட்டது. பெயரின் முன்னே வரும் 'மக்' என்பது மகன் என்றும், 'ஓ' என்பது பேரன் அல்லது வழித்தோன்றல் என்றும் பொருள்படும். 1014-இல் கிளான்டார்ப் போரில் மாண்ட பிரையன் போரு என்னும் அரசனின் வழியினர் ஓபிரையன் எனப்பட்டனர். 919-இல் டப்ளின் நகருக்கு அண்மையில் போர்க்களத்தில் வீழ்ந்த 'கருமுழங்கால்' நியால் என்பானின் வழியினர் ஓநீல் எனப்பட்டனர்.

இத்துணைப் பழைய பெயருடையார்க்குச் சோதனை எற்றுக்கு எனின், ஏடுகள் அழிந்தமையான் என்க. 1845 முதல் 1852 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில் ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர்; அதற்குக் குறையாத தொகையினர் கடல் கடந்து சென்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர்க்கு முன்னோரின் பெயரும் 'அயர்லாந்து' என்னும் ஒரு சொல்லுமே எஞ்சின. ஊர்ப்பெயரும் மறந்துபோயிற்று. உள்நாட்டிலோ, 1922-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினில் நீதிமன்றங்களையடுத்திருந்த அரசாங்க ஆவணக் காப்பகம் வெடித்துத் தீக்கிரையாயிற்று. 1821 முதல் 1851 வரை எடுத்த குடிக்கணக்குகளில் பெரும்பாலனவும், திருக்கோயிற் பதிவேடுகள் பலவும் சாம்பராயின. 1861 முதல் 1891 வரை எடுத்தவையோ அதற்கு முன்னரே அரசாங்கத்தாரால் அழிக்கப்பட்டிருந்தன. நாடு முழுவதற்கும் எஞ்சிய குடிக்கணக்குகளுள் 1901-ஆம் ஆண்டினதே முற்பட்டது. ஏடு முடிந்த இடத்தில் உடம்பை வினவத் தொடங்கினர்.

இனிச் சோதனையின் இயல்பைக் கூறுவோம். ஆண்மக்களின் உயிரணுவில் 'ஒய்' என்னும் ஒரு குரோமோசோம் உளது. அது தந்தையிடமிருந்து மகனுக்கு, அம்மகனிடமிருந்து அவன் மகனுக்கு என்று, பெரும்பாலும் மாறாமல் இறங்கி வருவது. குடிப்பெயர் இறங்கும் வழியும் அதுவே. பெண்மக்களுக்கு அது இன்மையான், தம் தந்தைவழியை அறிய விரும்பும் பெண் தன் தந்தையையேனும் உடன்பிறந்தானையேனும் சோதிக்கச் செய்தல் வேண்டும்.

மாறாமல் வருவதாயின், ஒரு குலத்தினின்று மற்றொரு குலத்தைப் பிரித்தறிவது எங்ஙனம்? ஏட்டுச்சுவடிகளைப் பழகியோர்க்கு இஃது எளிதில் விளங்கும். சுவடியைப் பார்த்துப் பெயர்த்தெழுதுவோன் எங்கோ ஓரெழுத்துப் பிழைபடுவான். அப்பிழை அவன் ஏட்டைப் பார்த்தெழுதிய ஏடுகளிலெல்லாம் தொடரும். ஒரே பிழையுடைய ஏடுகள் ஒரு மூலத்தினின்று வந்தவை என்று பதிப்பாசிரியர் துணிவர். ஒய் குரோமோசோமிலும் இத்தகைய பாடபேதங்கள் அருகித் தோன்றுகின்றன. அவற்றை ஒப்புநோக்கி, இருவர் எவ்வளவு அண்மையில் ஒரு தந்தையிடம் சென்று சேர்வர் என்பதை மதிப்பிடுகின்றனர்.

இம்முறையைக் கொண்டு டப்ளின் டிரினிடி கல்லூரியைச் சார்ந்த அறிஞர் டானியல் பிராட்லியும் அவர்தம் துணைவரும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 43 குடிப்பெயர்களையுடைய 1,125 ஆடவரை அவர்கள் சோதித்தனர். ஒரே குடிப்பெயருடைய இருவர்க்கு ஒத்த குறிகள் அமையும் வாய்ப்பு, ஏனையோரை நோக்க, சராசரி முப்பது மடங்கு மிகுதி என்று கண்டனர். ஆகவே குடிப்பெயர் வெறும் சொல்லன்று. அது குருதியுறவுக்கு உண்மையான சான்றே. ரையன், ஓசல்லிவன் என்னும் பெயர்கட்கு முதன்மையான மூதாதை ஒருவனே காணப்பட்டான். மர்பி, கெல்லி என்னும் பெயர்கட்கோ மூதாதையர் பலர். அப்பெயர்கள் பல்வேறிடங்களில் தனித்தனியே தோன்றியமையே இதற்குக் காரணமாகலாம்.

ஆனால் அன்பர்களே! அவ்வாய்வின் மற்றொரு முடிவை ஊன்றி நோக்குமின். எந்தக் குடிப்பெயரை எடுத்துக்கொண்டாலும், இன்று அப்பெயர் தாங்குவோருள் ஏறக்குறையப் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே முதல்வனின் வழியினராக இல்லை. ஏனையோர் யாவர்? தத்தெடுக்கப் பெற்றோர், தாயின் குடிப்பெயரைத் தாங்கியோர், மாற்றாந்தந்தையின் மனையில் வளர்ந்தோர், மறைவிற் பிறந்தோர் எனப் பல வகையினர் என்று கொள்ளலாம். ஆங்கிலம் பரவியபொழுது பெயர்கள் உருமாறியதும் உண்டு. கொல்லன் மகன் எனப் பொருள்படும் 'மக்கவுன்' என்னும் ஐரிஷ் பெயருடையார் பலர், அதனை மொழிபெயர்த்து 'ஸ்மித்' என்று வைத்துக்கொண்டனர்.

இதற்கு வரலாற்றிலேயே ஒரு பெருஞ்சான்று உளது. ஓநீல் குலத்தலைவனாகிய கான் என்பான் 1542-இல் டைரோன் நாட்டுப் பிரபுவானான். டண்டாக் என்னும் ஊரில் ஒரு கொல்லன் மகனாக வளர்ந்த மாத்யூ என்னும் இளைஞனை, 'இவன் நும் மகன்' என்று அவன் தாய் கானுக்கு அறிவித்தாள். கான் அவனை மகனாக ஏற்று, தன் பட்டத்துக்கு உரியவனாகவும் ஆக்கினான். கானின் மற்றொரு மகனாகிய ஷேன் இதனை மறுத்துப் பகைத்தான். 1558-இல் ஷேனின் ஆட்கள் மாத்யூவைக் கொன்றனர். அம்மாத்யூவின் மகனே ஹியூ ஓநீல். 1595-இல் 'ஓநீல்' என்னும் குலத்தலைமைப் பட்டத்தை ஏற்றவனும், 1598-இல் எல்லோ போர்டு என்னுமிடத்தில் ஆங்கிலப் படையை முறியடித்தவனும் அவனே. அக்குலத்தார் இன்றும் பெருமையுடன் நினைக்கும் அத்தலைவனின் குருதிவழி அவன் காலத்திலேயே ஐயத்திற்கு இடமாயிருந்தது. எனினும் ஐயுற்றோர் பெயரினும் அவன் பெயரே ஓங்கி நின்றது.

நிற்க. இச்சோதனையை மிகைபட மதித்தலும் தவறு. வடமேற்கு அயர்லாந்தில் ஏறக்குறைய ஐந்தில் ஓர் ஆடவர் ஒரே வகைக் குறியுடையர் என்று 2006-இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. அவர்கள் 'ஒன்பது பிணையாளர் நியால்' என்னும் பழைய மன்னனின் வழியினராகலாம் என்று அறிஞர் கருதினர். உடனே உலகெங்கும் பலர் தம்மை அரசகுலத்தார் என்று மகிழ்ந்தனர். பின்னரோ, அக்குறி ஸ்காட்லாந்திலும் மிகுதியாக உண்டென்பதும், அது நியாலின் காலத்துக்கு முற்பட்டதாகலாம் என்பதும் புலனாயின. அன்றியும், ஒய் குரோமோசோம் காட்டுவது ஒரே இழையை. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவனுக்கு உரிய முன்னோர் நிலைகள் 1,024. அவற்றுள் ஒன்றையே அது காட்டும். நம் தாயின் தந்தையைப் பற்றியும், தந்தையின் தாயைப் பற்றியும் அது ஒன்றும் கூறாது. அவர்களையும் தேட விரும்புவோர் இருபாலார் வழியும் காட்டும் வேறு சோதனையை நாடுவர். அதுவும் ஐந்தாறு தலைமுறைக்கு அப்பால் தெளிவு குன்றும்.

மேலும், ஒருவன் தன் உமிழ்நீரைச் சோதனைக்கு அனுப்புங்கால் தன் மறையை மட்டும் திறப்பவன் அல்லன். தந்தை, உடன்பிறந்தார், சிற்றப்பன் மக்கள் ஆகிய அனைவரின் மறையையும் திறக்கின்றான். எழுபதாண்டு அன்புடன் தந்தையென்று அழைத்தவர் குருதிவழித் தந்தையல்லர் என்னும் செய்தி ஓர் அஞ்சலில் வந்துவிடலாம். ஆதலின், குடும்பத்து மூத்தோரிடம் முன்னரே சொல்லி, அவர் இசைவு பெற்றுச் செய்தலே அறம்.

ஏடு எரிந்துபோனவர்க்கு இச்சோதனை நல்ல துணையே. பிரிந்துபோன கிளைகள் ஒன்றையொன்று அறிந்து கூடுதற்கு அது வழிகாட்டும். ஆனால் அதனைக் கையிற்கொண்டு, 'நீ எம் குடியினன் அல்லை' என்று ஒருவரை விலக்கத் தொடங்கின், ஆராய்ந்த ஐரிஷ் குடிகளுள் ஒவ்வொன்றும் தன் மக்களுட் பாதியையேனும் இழக்கும். ஓநீல் குலம் தன் மிகச் சிறந்த தலைவனையே இழக்க நேரிடும். ஆயிரம் ஆண்டு ஒரு பெயர் நிலைத்தது குருதியால் மட்டுமன்று. வந்தவரைச் சேர்த்துக்கொண்டு, வளர்த்து, தம் பெயரைத் தந்த மனைகளால் அது நிலைத்தது. சேர்ப்பதற்குப் பயன்படும் அளவே குலமுறை ஆராய்ச்சிக்குச் சிறப்பு என்பதைக் கூறி அமைகின்றோம்.