முகிலைச் சேமிக்கும் மலை



சித்திரை மாதத்து நண்பகல் எத்தகையது என்பதைக் கொம்பனித்தெருவில் வாழ்வார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பேர வாவி அசைவற்றுக் கிடக்கும். கடற்காற்று எழும்வரை உடலில் வியர்வை உலராது. அந்நாள்களில் வசதி படைத்தோர் பலர் நுவரெலியாவுக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். கொழும்பின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 27 பாகை செல்சியஸ். கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ 16 பாகை அளவே. ஒரு பகற் பயணத்திலே வேறொரு நாட்டின் தட்பவெப்பத்தை அடைந்துவிடுகின்றோம். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் கிரகரி வாவியிற் படகோட்டமும் அங்கே காத்திருக்கின்றன. அக்குளிரின் இன்பத்தை நாம் நன்கறிவோம். அதனோடு சேர்ந்து அம்மலைகளிலே நடைபெறும் ஒரு சேமிப்பைப்பற்றி இன்று சில கூற விழைகின்றேன்.

கோடையில் மலையேறும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையிலே லெபனான் என்றொரு சிறு நாடு உண்டு. பரப்பிலே இலங்கையின் ஆறிலொரு பங்கு. தலைநகர் பெய்ரூட்டின் மக்கள் கோடையிலே மலைக் கிராமங்களை நாடிச் செல்வது நெடுங்கால வழக்கம். ஆனால் அம்மலைகளின் உச்சி 3,000 மீற்றரைக் கடப்பது. மாரியிலே அங்கு வெண்பனி பெய்து மூடுகின்றது. லெபனான் என்ற பெயரே வெண்மையைக் குறிக்கும் பழஞ்சொல்லின் வழிவந்தது என்பர். அந்நாட்டிலே மழை மாரிக்கே உரியது. கோடையில் வானம் வறண்டுவிடும். அவ்வாறாயின் கோடைக்கு நீர் ஏது? மலைமேற் கிடக்கும் வெண்பனி மெல்ல உருகிச் சுண்ணக்கற் பாறைகளினூடே இறங்கி ஊற்றுக்களாய் வெளிப்படுகின்றது. வெண்பனியே அவர்களுடைய ஏரி.

நம் மலைகளில் வெண்பனி இல்லை. தை மாதத்து விடியலிலே புல்நுனியில் உறைந்து, வெயில் பட்டவுடன் மறையும் உறைபனி மட்டுமே உண்டு. நமக்கு அந்த ஏரியாய் நிற்பது காடு.

ஹோட்டன் சமவெளிக்குச் சென்றோர் அங்குள்ள மரங்களைக் கண்டிருப்பர். 2,100 மீற்றருக்கு மேற்பட்ட அவ்வுயரத்திலே மரங்கள் நெடிது வளர்வதில்லை. காற்றுக்கு வளைந்து, குடை கவிழ்த்தாற்போல நிற்கும். கிளையெங்கும் பாசி தாடிபோலத் தொங்கும். முகில் அக்காட்டினூடே நகரும்போது இலையும் பாசியும் அதன் நுண்துளிகளைப் பற்றிச் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக நிலத்தில் இறக்குகின்றன. மழை பெய்யாத நாளிலும் மரத்தடி நனைந்திருப்பது இதனாலேதான். கீழேயுள்ள கரிய மண் அந்நீரை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக விடுகின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் இச்சமவெளி தலைநீர் தருகின்றது. அவற்றுள் களனியின் நீரே அம்பத்தளையிலே தூய்மையாக்கப்பட்டுக் கொழும்புக் குழாய்களுக்கு வருகின்றது. நம் வீட்டுக் குடத்திலும் அந்த முகிலின் பங்கு உண்டு.

இதனைக் காலத்தே உணர்ந்தோர் இருந்தனர். கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்ட காலத்திலே, 1873ஆம் ஆண்டில், இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த சேர் யோசேப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடலாகாது என்று இலங்கை அரசாங்கத்துக்கு அறிவுரை கூறினார். அவ்வாறே ஆணையும் பிறந்தது. கியூ என்றதும் நம் கொம்பனித்தெருவிலுள்ள கியூ வீதி நினைவுக்கு வருகின்றதன்றோ? 1810ஆம் ஆண்டளவில் இலங்கையின் தாவரத் தோட்டம் ஒன்று இங்கேதான் தொடங்கப்பட்டது. அது களுத்துறைக்கும், பின்னர் 1821இற் பேராதனைக்கும் பெயர்ந்துவிட்டது. பெயர் மட்டும் வீதியிலே தங்கிவிட்டது. நாடோறும் அவ்வழியே கோயிலுக்குச் செல்வோருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

அந்த ஆணையாலேயே உச்சிக் காடுகள் ஓரளவு பிழைத்தன. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் அதுவும் சிவனொளிபாத மலைக்காடும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் சேர்ந்து உலக மரபுரிமை என ஏற்கப்பெற்றன. அழிந்தே போயிற்று என்று கருதப்பட்ட ஹோட்டன் சமவெளித் தேவாங்கின் ஒளிப்படம் வெளியானதும் அவ்வாண்டிலேதான். எனினும் அக்காட்டின் சில பகுதிகளிலே மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. நச்சு மாசு என்பர் சிலர். வறட்சி என்பர் வேறு சிலர். ஆய்வாளரிடையே ஒருமித்த முடிபு இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சட்பூ முட்செடியும் புல்வெளியிற் பரவுகின்றது. மரம் பட்ட இடத்திலே முகில் வந்தாலும் தங்குவதில்லை.

மலையின் நலிவு மலையோடு நிற்பதும் இல்லை. 2014 ஐப்பசியிலே கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுட் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களிற் சரிவுகள் இடிந்து விழ, அதே நாள்களிற் களனி பெருகிக் கொழும்பின் தாழ்நிலங்களை மூடியது. காடு வெட்டப்பட்டமையே முழுக் காரணம் என்று கூறேன். அத்தகைய பெருமழைக்குக் காடும் முழு அரணாகாது. ஆயினும் நாம் விடுமுறைக்குச் செல்லும் அம்மலைச் சரிவிலே, இடையிற் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும் நம் மக்களுக்கு மழைக்காலம் வேறொரு முகத்தைக் காட்டுகின்றது என்பதை நுவரெலியாவின் பூங்காவில் உலாவும்போது மறந்துவிடுகின்றோம்.

செல்ல வேண்டாம் என்பதன்று என் கருத்து. செல்லுங்கள், பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நம் இலக்கியம் போற்றும் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்த நெலு அங்கே பல்லாண்டுக்கொருமுறை பூக்கும். அவ்வாண்டு வாய்த்தால் தேனீக்களின் ஒலியால் காடே முழங்கக் கேட்பீர்கள். உலக முடிவு எனப்படும் பாறை விளிம்புக்கு விடியலிலேயே சென்றுவிட வேண்டும். ஏறக்குறைய 870 மீற்றர் ஆழத்தைக் கண்ணாற் காண்பது காலையில் மட்டுமே இயலும். பத்து மணியளவில் முகில் ஏறி அனைத்தையும் மறைத்துவிடும். தாமதித்து வந்தோர் ஒன்றும் தெரியவில்லையே என்று முணுமுணுத்தபடி திரும்புவதை நான் கண்டிருக்கின்றேன். அவர்களும் சற்றே பின்வாங்கி ஒரு மரத்தடியில் நின்று மேலே நோக்கினால், பாசி நுனியிலிருந்து துளி விழுவதைக் காணலாம்.