மூல நட்சத்திரமும் போட்டோவும்

(ஆம்பூர்க் கூட்டத்தில் பேசியது)



டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் நாளெல்லாம் நின்று உழைத்துவிட்டு வந்திருக்கும் உங்களிடம், வானத்தைப் போட்டோப் பிடிப்பதைப் பற்றிப் பேசுவது வேலையற்ற வேலையாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் சங்கதி உங்கள் வீட்டுக் கலியாணத்தைத் தொட்டதாகும்.

"பெண் மூலம் நிர்மூலம்" என்று ஒரு பேச்சு நம்மவர்களிடம் இருக்கின்றது. மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாதாம். இந்த ஒரு சொல்லால் எத்தனை ஜாதகங்கள் திருப்பி அனுப்பப்பட்டன, எத்தனை பெண்களுக்குப் பிறந்த நாளையே மாற்றிச் சொல்லும்படியாயிற்று என்பது நீங்கள் அறியாததல்ல. அப்படிச் சொன்னவர்களில் ஒருவரையாவது, "ஐயா, அந்த மூலம் வானத்தில் எங்கே இருக்கின்றது, காட்டும்" என்று கேட்டதுண்டா?

நாம் காட்டுகின்றோம். சித்திரை மாதத்தில், நிலவில்லாத இரவு 3 மணிக்குத் தெற்கே பார்த்தால் தேளைப் போல் வளைந்த ஒரு நட்சத்திரக் கூட்டம் தெரியும். அதன் வால்தான் மூலம். அதற்கு வடகிழக்கே புகை போல் ஒரு மங்கல். அது 'லகூன்' என்னும் நெபுலா, அதாவது வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம். அதன் வெளிச்சம் இங்கு வந்து சேர 4,000 வருஷங்களுக்கு மேலாகின்றது.

நம் ஊர் விளக்குகளில் இது தெரியாது. ஆகையால் சென்ற சித்திரையில் சில தோழர்களோடு ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலைக்குப் போனோம். நம் கண் வாங்கிய வெளிச்சத்தை உடனுக்குடன் செலவழித்துவிடும். கேமராவோ உண்டியலில் போடுவதுபோல் சேர்த்து வைக்கும். 1880-இல் அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் என்னும் வைத்தியம் படித்தவர், 51 நிமிஷம் இப்படிச் சேர்த்துத்தான் ஒரு நெபுலாவை முதன்முதலில் போட்டோ எடுத்தார். ஆனால் பூமி சுழலுகின்றபடியால், வானத்தோடு கூடவே கேமராவை மெல்லத் திருப்பும் யந்திரம் வேண்டும். முதல் இரவு அதைச் சரியாக நிறுத்தத் தெரியாமல் நட்சத்திரங்களெல்லாம் புழுக்களாக வந்தன! மறுநாள் இரவுதான் சிவந்த மேகம் விழுந்தது. அந்தச் சிவப்பு ஹைட்ரஜன் வாயுவினுடையது. அங்கே இன்றைக்கும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. நிர்மூலம் என்று பெயர் வைத்த திசையில்!

அதே மலையில் காவலூரில், 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கின்றது. 1977 மார்ச் 10-இல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்களைக் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. நவக்கிரகத்தில் யுரேனஸுக்கு இடமே இல்லை. அது யாருக்கு ஆகாது என்று எந்த ஜோசியரும் அன்று சொல்லவில்லை.

நாம் எடுத்த படம் மேடைக்கு இடப்புறம் மாட்டியிருக்கின்றது. மூலத்தில் பிறந்த பெண் உங்கள் வீட்டில் இருந்தால், நாளைக்கு அவளையும் அழைத்து வந்து காட்டுங்கள்.