நிலையான பணியும் சுயேச்சைப் படைப்பும்

பெங்களூரு நெடுங்காலமாக மாதச் சம்பளக்காரர்களின் நகரமாக இருந்து வந்துள்ளது. 1940-இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1948-இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிய பொதுத்துறை நிறுவனங்கள் இந்நகரின் வாழ்க்கை முறையையே வகுத்துத் தந்தன. சம்பளம், குடியிருப்பு, மருத்துவ வசதி, வருங்கால வைப்பு நிதி ஆகிய நான்கும் ஒரே நியமன ஆணைக்குள் அடங்கியிருந்தன. பின்னர் வந்த மென்பொருள் நிறுவனங்கள் சம்பளத்தை உயர்த்தினவேயன்றி, மாதச் சம்பளமே வாழ்வின் அச்சாணி என்ற எண்ணத்தை மாற்றிவிடவில்லை. அத்தகைய நகரில் ஒருவர் வேலையைத் துறந்து எழுதவோ, ஓவியம் தீட்டவோ, நாடகம் நடத்தவோ முற்படும்போது, அது அவருடைய துணிவைப் பற்றிய கதையாகவே பேசப்படுகிறது. ஆயினும் துணிவு இக்கதையில் ஒரு சிறு பகுதியே. வேலையை விட்டவர் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு எதைக் கொண்டு வாழ்ந்தார் என்பதே பெரும் பகுதி.

பெங்களூரில் நெடுங்காலம் வாழ்ந்து, 2019 ஜூன் 10 அன்று அங்கேயே மறைந்த நாடகாசிரியர் கிரீஷ் கர்னாடின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். 1938-இல் பிறந்த அவர், தார்வாரில் கணிதமும் புள்ளியியலும் பயின்று, ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். 1963-இல் தாயகம் திரும்பியதும் சென்னையில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தில் பணியில் அமர்ந்தார். மதிப்பும் பாதுகாப்பும் நிறைந்த பதவி அது. ஏழாண்டுகள் அதிலிருந்த பின்னர், 1970-இல் விலகினார்.

இவ்வேழாண்டுகளை வீணானவை என்று கருதுவது தவறு. ‘துக்ளக்’ நாடகம் 1964-இல் வெளிவந்தபோது அவர் சென்னையில் சம்பளம் பெறும் அலுவலராகவே இருந்தார். (தமிழ் மேடையில் 1968-இல் சோ அரங்கேற்றிய ‘முகமது பின் துக்ளக்’ வேறு நாடகம்; இரண்டையும் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு.) மாலை வேளைகளில் ‘மெட்ராஸ் பிளேயர்ஸ்’ என்னும் பயில்முறை நாடகக் குழுவோடு அவர் கொண்டிருந்த தொடர்பு, 1970-இல் வெளியான ‘சம்ஸ்காரா’ திரைப்படத்துக்கு வழிவகுத்தது. அப்படத்துக்குத் திரைக்கதை எழுதி, முதன்மைப் பாத்திரத்தில் நடித்தவர் அவரே. ஆக, பணியிலிருந்து விலகியபோது அவர் கைகள் வெறுமையாக இருக்கவில்லை. எழுதிய நாடகங்கள் இருந்தன. உடன் உழைக்கும் நண்பர்கள் இருந்தனர். மேடையும் திரையும் அவரை அறிந்திருந்தன.

எல்லாவற்றுக்கும் மேலாக, 1970 முதல் 1972 வரை அவருக்கு ஹோமி பாபா ஆய்வுநல்கை கிடைத்தது. நாட்டார் அரங்கம் சார்ந்த படைப்புப் பணிக்கென வழங்கப்பட்ட நல்கை அது. இந்த இரண்டாண்டு இடைவெளியில், 1971-இல், ‘ஹயவதனா’ பிறந்தது. யட்சகானத்தின் முகமூடிகளையும் பாகவதரையும் நவீன மேடைக்குக் கொணர்ந்த அந்நாடகம், இந்திய நாடக வரலாற்றில் ஒரு திருப்பம் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு அதிகமில்லை. மாதக் கடைசியில் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்ற கவலையோடு எழுதியிருந்தால் இதே நாடகம் வந்திருக்குமா என்பது விடை காண இயலாத கேள்வி. ஒரு படைப்பாளிக்கு இரண்டாண்டுக் கால அவகாசம் அளிக்க ஓர் அமைப்பு முன்வந்தது என்பது மட்டும் உறுதி.

அதன் பின்னரும் கர்னாட் எழுத்து வருவாயை மட்டும் நம்பி வாழவில்லை. திரைப்படங்களை இயக்கினார். 1974-75-இல் புனே திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். 1987-88-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராகப் பணியாற்றினார். ‘மால்குடி நாட்கள்’ தொலைக்காட்சித் தொடரில் சுவாமியின் தந்தையாகவும், ‘காதலன்’ என்ற தமிழ்ப் படத்தில் ஆளுநராகவும் நடித்தார். வணிகத் திரைப்படங்களில் நடித்ததைக் குறையாகச் சொல்வோர் உண்டு. ஆனால், ஒரே நாடகத்துக்காக ஆண்டுக்கணக்கில் உழைக்கும் ஒருவருக்கு, சில வாரப் படப்பிடிப்பு ஓராண்டின் நெல்லைக் குதிரில் சேர்ப்பது போன்றது. நடிகர் கர்னாடே நாடகாசிரியர் கர்னாடின் புரவலர் என்று சொன்னால் தவறாகாது.

வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கு ஆர்வமூட்டும் செய்தி ஒன்று இவ்விடத்தில் உண்டு. 1976-இல் வெளிவந்த ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ திரைப்படத்தில், பால் கூட்டுறவுச் சங்கம் அமைக்கக் கிராமத்துக்கு வரும் கால்நடை மருத்துவராக கர்னாட் நடித்தார். குஜராத் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் 5 இலட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் அளித்து, 10 இலட்சம் ரூபாய் திரட்டி அப்படத்தைத் தயாரித்தனர். கலைக்குப் பொருள் தருபவர் அரசாகவோ செல்வந்தராகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இதே பெங்களூரில் நேர்மாறான வழியைத் தேர்ந்தவர் எழுத்தாளர் சுஜாதா. எஸ். ரங்கராஜன் என்னும் பெயரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர் அவர். நாவல்கள், சிறுகதைகள், நாடகங்கள், அறிவியல் கட்டுரைகள், திரைப்பட எழுத்து என்று அவர் எழுதிக் குவித்தவற்றில் பெரும்பகுதி வேலையில் இருந்தபோதே எழுதப்பட்டது. வேலையை விட்டால்தான் படைப்பு வரும் என்னும் வாதம் அவர் முன் நிற்காது. எனினும் வார இதழ்த் தொடர்கதை வாரத்துக்குச் சில மணி நேரத்தில் எழுதக்கூடியது. நாடகமோ திரைப்படமோ பலரைப் பல மாதங்கள் ஓரிடத்தில் சேர்த்து வைக்க வேண்டிய கலை. விடுப்பு விண்ணப்பத்தில் அது அடங்காது. அவரவர் கலை கேட்கும் நேரத்தின் தன்மையை அளந்து பார்த்த பின்னரே இம்முடிவை எடுக்க வேண்டும்.

தாங்குவதற்கு எதுவுமில்லாதவர் நிலை என்னவாகும் என்பதைத் தமிழிலக்கியம் நன்கறியும். நாளிதழ்ப் பணியிலிருந்து விலகித் திரைப்படத் துறையை நாடிச் சென்ற புதுமைப்பித்தன், புனேயில் ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதச் சென்ற காலத்தில் காசநோய்க்கு ஆளாகி, 1948-இல் தமது 42-ஆம் வயதில், வறுமையில் மறைந்தார். தமிழ்ச் சிறுகதையை உலகத் தரத்துக்கு உயர்த்திய அவரிடம் திறமைக்கோ துணிவுக்கோ குறைவிருக்கவில்லை. நோயுற்ற எழுத்தாளனுக்கு ஓராண்டுச் செலவைத் தாங்கும் ஏற்பாடு எதுவும் அன்று இல்லை. அவருடைய நூல்கள் 2002-இல் தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டன. இடையில் 54 ஆண்டுகள் கடந்திருந்தன.

இன்று நிலை ஓரளவு மாறியுள்ளது. பெங்களூரில் 1993-இல் நிறுவப்பட்ட இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை, 1995 முதல் கலைஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் நல்கைகள் வழங்கி வருகிறது. செயலி வழித் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்புக்குக் கர்நாடக அரசு 2025-இல் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் உணவு கொண்டு தருவோரையும் வாடகை வண்டி ஓட்டுவோரையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அச்சட்டம், தன் வீட்டு மேசையிலிருந்து பதிப்பகத்துக்குப் படம் வரைந்து கொடுக்கும் ஓவியருக்கு எட்டுவதாக இல்லை. நிலையான வேலை என்பதும் முன்போல் நிலையானதன்று. தலைமுறை தலைமுறையாக மணி காட்டிய எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிலை மூட மத்திய அரசு 2016-இல் முடிவு செய்தது.

சுயேச்சையாகத் தொழில் செய்ய எண்ணும் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டியது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பணி ஒப்பந்தத்தின் கீழ், வேலையின் பகுதியாக உருவாக்கும் படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முதல் உரிமையாளர் முதலாளியே. வேலையை விட்ட எழுத்தாளருக்கு அவ்வுரிமை தம்மிடமே வந்து சேர்கிறது. ஒளிப்படக்காரருக்கு அவ்வாறன்று. பிறர் கேட்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கச் செய்த ஒளிப்படத்தின் முதல் உரிமை, எதிரான உடன்பாடு இல்லாவிடில், கேட்டவருக்கே உரியது. உருவ ஓவியத்துக்கும் இதே விதி. மைசூரில் பிறந்து, பெங்களூரின் ‘டெக்கான் ஹெரால்டு’ நாளிதழில் பணியாற்றிப் பின்னர் சுயேச்சை ஒளிப்படக்காரராகி, யுனிசெப், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றுக்காக நாடெங்கும் சுற்றிய டி.எஸ். சத்யன் போன்றோரின் துறையில், ஒரு வரி உடன்பாடு பிற்காலத்தில் ஒரு சேமிப்புக் கணக்கின் மதிப்பைப் பெறும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலவரம்பு குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்தாண்டுக்கே செல்லும் என்று 19-ஆம் பிரிவு கூறுகிறது. பதிப்பாளர்கள் இதனை நினைவூட்டுவதில்லை.

இனி அலுவலர்கள் பக்கம். சுயேச்சைப் படைப்பாளியைப் பெரிதும் வருத்துவது குறைந்த ஊதியத்தைவிடத் தாமதமாக வரும் ஊதியமே. கண்காட்சிக்குப் படம் வரைந்தவர், குறும்படம் எடுத்துக் கொடுத்தவர், நூலை மொழிபெயர்த்தவர் ஆகியோரின் பணப்பட்டியல்கள் ஒப்பளிப்பு, தணிக்கைக் குறிப்பு, நிதியாண்டு முடிவு என்று மேசை மேசையாக நகர்கின்றன. மாதச் சம்பளம் பெறும் எழுத்தருக்குப் பத்து நாள் தாமதமானால் சங்கம் கேட்கும். ஓவியருக்காகக் கேட்பார் இல்லை. ஆனால் சட்டம் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, சேவை அளிக்கும் குறுந்தொழில் முனைவோரையும் உள்ளடக்கியது. 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள உத்யம் பதிவைத் தனியொருவரும் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிந்துகொள்வது நலம். எழுத்து வடிவ உடன்பாடு இருப்பினும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக்கூடாது. உடன்பாடு இல்லையேல் 15 நாட்களே கெடு. கடந்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். முறையீட்டை மாநில வசதியாக்க மன்றத்தில் அளிக்கலாம். அரசுத் துறைகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இக்கெடுவிலிருந்து விலக்கு இல்லை.