எட்டாம் வகுப்போடு முடிகிற காப்பு

(திண்டுக்கல் இளைஞர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒன்பதாம் வகுப்பில் என்னை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். அப்பாவோடு வந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் தினக்கூலி. தலைமையாசிரியர் முன்னால் அவர் கைகட்டி நின்ற அன்று கூலி இல்லை. தண்டனை எனக்கா, அவருக்கா?

நான் திரும்பிப் போனேன். என்னோடு நிறுத்தப்பட்ட நண்பன் வேடசந்தூர் பக்கம் மில் வேனில் ஏறிவிட்டான்.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு. ஒன்பதிலிருந்து அந்தக் காப்பு இல்லை. மில் வேன் காத்திருக்கும் வயதும் அதுதான். 2022இல், ஆசிரியரிடம் அத்துமீறும் மாணவரை நிரந்தரமாக நீக்கி, காரணத்தை டி.சி.யிலேயே எழுதுவோம் என்று சட்டமன்றத்திலேயே அமைச்சர் அறிவித்தார். அந்தத் தாளோடு எந்தப் பள்ளி சேர்க்கும்?

"அப்போ நாங்குநேரி?" என்று கேட்பீர்கள். 2023 ஆகஸ்டில் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியது குற்றம். அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே, தொல்லை தாங்காமல் அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். சஸ்பெண்ட் ஆகாமலே வெளியேறியவன் அவன். சாதித் தொல்லையை முதல் நாளே கவனிக்கத்தான் பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது.

அந்த வேலையைச் செய்யாத பள்ளிக்கு சஸ்பென்ஷன் சுலபம். எட்டோடு நிற்கும் காப்பைப் பன்னிரண்டு வரை நீட்டக் கேட்போம்.

ஜெய்பீம்.